உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்

“ஸ்டோர் ரூமுக்கு எதுக்குங்க உள்பக்கம் தாழ்ப்பாள்?”

குல்சார் பேகத்தின் கையில் இருந்தது இரும்புக் கடைக்குக் கணவர் ஜெய்லானி எழுதிவைத்திருந்த சீட்டு. எத்தனை கதவு, எத்தனை கீல், எத்தனை தாழ்ப்பாள் என்று எழுதிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். சட்டை துவைக்கப் போகும் என்பதை மறந்திருந்தார்.

தரையில் குப்புறப் படுத்துக் கட்டப்போகிற வீட்டின் படம் வரைந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

“எலிக்கு” என்றார்.

“எலி வந்து தாழ்ப்பாள் போட்டுக்கிடுமா?”

“அதில்ல. கதவு காத்துல ஆடும். நீ உள்ள நின்னு ஒரு பொருளைத் தேடுறப்ப, கதவு வந்து முதுகுல இடிக்கக் கூடாதுல்ல.”

அவள் சீட்டை இன்னொரு தடவை படித்தாள். “அம்புட்டுத் தூரம் யோசிச்சிருக்கீக. நல்ல யோசனைதான்” என்று சொல்லிவிட்டுத் தையல் மெஷினுக்குத் திரும்பினாள்.

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அவள் ‘நல்ல யோசனைதான்’ என்று சொன்னது இதோடு மூன்றாவது தடவை. முதல் தடவை அவருடைய ஸ்கூட்டர் அவள் தம்பி வீட்டுக்குப் போனது. இரண்டாவது தடவை மீசை போனது.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அறை. எட்டுக்குப் பத்து போதும். அதில் ஒரு ஜன்னல், ஜன்னலைப் பார்த்துத் தன்னுடைய பிரம்பு நாற்காலி, வேலை விட்டு வந்து பேப்பர் படிக்க ஒரு மணி நேரம். யாரும் உள்ளே வராமலிருக்க ஒரு தாழ்ப்பாள்.

விருதுநகரில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டில் கூடம் தையல் கடையாக இருந்தது. இரண்டு மெஷின், ஒரு நிலைக்கண்ணாடி, தொங்கும் ஜாக்கெட்டுகள். சுற்றியிருந்த நாலு தெருப் பெண்களும் அங்கேதான் வந்தார்கள். அளவு கொடுக்க வந்தவர்கள், அளவு சரியில்லையென்று சண்டைக்கு வந்தவர்கள், சண்டை முடிந்து டீ குடிக்க உட்கார்ந்தவர்கள். கூடத்து மூலையில் ஜெய்லானி பேப்பரை விரித்தால், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று இன்னொருவர் படிப்பார். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனால், “கொஞ்சம் பொறுங்கண்ணே, முடிக்கல” என்று குரல் வரும். படுக்கையறையில் மகள் ருமானா கல்லூரிப் பாடத்தைப் போனில் கேட்டுக்கொண்டிருப்பாள். அடுக்களையில் இரண்டு பேர் நிற்க முடியாது, ஜன்னலும் கிடையாது.

உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்த ஒரே இடம் கழிப்பறை. ஜெய்லானி அங்கே போய்த்தான் தலையங்கம் படித்தார். ஏழு நிமிஷம் கிடைக்கும். எட்டாவது நிமிஷம் கதவு தட்டப்படும். உடம்புக்கு என்ன, கசாயம் வைக்கவா என்று குல்சார் கேட்பாள். அவர் வயிற்றைப் பற்றித் தெருவில் கவலைப்படாத ஆளே இல்லை.

அறை வேண்டும் என்று நேராகவே கேட்டிருக்கலாம். ஒருமுறை கேட்டும் பார்த்தார். சூலக்கரைப் பக்கம் மூன்று சென்ட் மனை வாங்கிப் பத்திரம் முடித்த அன்று, சந்தோஷத்தில் வாய் தவறி, எனக்கென்று ஒரு ரூம் போடணும் என்று சொல்லிவிட்டார். குல்சார் எதுக்கு என்று மட்டும் கேட்டாள். அதைத் தன் அக்கா நசிமாவிடமும் சொன்னாள். நசிமா ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களிடம் சொன்னாள். ஒரு வாரத்துக்குள் மல்லாங்கிணற்றிலிருந்து குல்சாரின் மாமா போன் செய்து, வாழ்ந்த காலத்தை நினைத்துப் பார்த்து நிதானமாக முடிவெடுக்கும்படி ஜெய்லானியிடம் கேட்டுக்கொண்டார். இருவருக்கும் வேண்டுமானால் தானே வந்து பேசிவைப்பதாகவும் சொன்னார்.

அன்றைக்கு அந்த அறை ஸ்டோர் ரூம் ஆனது.

மனை இருபத்தெட்டடி அகலம், நாற்பத்தாறடி நீளம். கிழக்கே ரோடு. ரோட்டில் நின்று மனையைப் பார்த்தால் இடது கைப் பக்கம் நசிமாவின் வீடு. வலது கைப் பக்கம் யாருக்கோ சொந்தமான வெறும் நிலம். கருவேல மரங்கள், அதற்கப்பால் கண்மாய். காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

நசிமாவின் கணவர் ஜாபர் சாதிக் வெடிக்கு ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட். காலையிலிருந்து ராத்திரி வரை போனில் பேசுவதுதான் தொழில். தாயில்பட்டி வெடி ஆலைக்கு அவர் பேசுவதைக் கேட்டால், இடையில் போன் எதற்கென்று தோன்றும். லோடு ஏறியதா, ஏறவில்லையா, ஏன் ஏறவில்லை என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். மனையைப் பார்க்க ஜெய்லானி போகும்போதெல்லாம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “சகல, பங்களா வேலை எப்ப ஆரம்பம்?” என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார்.

பங்களா என்றால் பங்களாதான் என்று ஜெய்லானி தீர்மானித்தார். இடத்தை வீணாக்காமல் அடக்குவதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷமாக அதுதான் வேலை. ஒரு பெரிய தாளில் எத்தனை வெடி லேபிள் அடங்கும், எப்படித் திருப்பிப்போட்டால் இன்னும் இரண்டு கூடும் என்று ஒட்டிக்கொடுப்பவர். முன்பு கண்ணாடி மாதிரியான ஃபிலிமில் கையால் ஒட்டினார். இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதையே செய்கிறார். மிஞ்சிப்போன பழைய ஃபிலிம் ஒரு கட்டு வீட்டுப் பரணில் கிடந்தது. வீட்டுப் படத்தை அதில்தான் வரைந்தார். கருப்பு மையில், ஸ்கேல் கட்டை வைத்து, மயிரிழை பிசகாமல்.

இடது பக்கம் முன்னால் அடுக்களை, பின்னால் கழிப்பறை. நடுவில் கூடம். வலது பக்கம் முன்னால் படுக்கையறை, பின்னால் கருவேல மரங்களைப் பார்த்த ஜன்னலோடு ஸ்டோர் ரூம். நசிமா வீட்டுச் சுவருக்கும் அந்த அறைக்கும் நடுவே முழு வீடு. ஜாபர் சாதிக்கின் லோடு கூடத்தைத் தாண்டி வர முடியாது.

“அடுக்களையை அக்கா வீட்டுப் பக்கம் வச்சிருக்கேன். ஜன்னல் வழியாவே குழம்பு குடுத்துக்கிடலாம்” என்று அதை அவளுக்காகச் செய்ததுபோலக் காட்டினார்.

குல்சார் குனிந்து பார்த்தாள். அடுக்களை ஜன்னலிலிருந்து அக்கா வீட்டுச் சுவர் எம்புட்டுத் தூரம் என்று கேட்டாள். மூன்றடி என்றார். அவள் நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வாடகை வீட்டு அடுக்களைக்குள் போனாள். உள்ளிருந்து, படத்தில் ஏன் ஒன்றுக்கும் பேர் எழுதவில்லை என்று கேட்டாள்.

எழுத்துப் போட்டால் கோடு மறையும் என்றார் ஜெய்லானி. உண்மை வேறு. ஸ்டோர் ரூம் என்று எழுதிவிட்டால் அது கியாமத் நாள் வரைக்கும் ஸ்டோர் ரூம்தான். எழுதாமல் விட்டால், குடிபோகிற அன்றைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். அதற்குப் பிறகு நடப்பது நடக்கட்டும். தாழ்ப்பாள் இருக்கிறது.

எழுத்தில்லாத ஃபிலிமைப் பற்றி அவளுக்கு அவரே பலமுறை சொல்லியிருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த கதை அது. ராக்கெட் பாக்கெட் லேபிள் ஒன்று. கிளிப் படம் மட்டும் தனி ஃபிலிம்; அதில் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. யாரோ அதை மறுபக்கம் திருப்பிவைத்துவிட்டார்கள். நாற்பதாயிரம் லேபிளிலும் கிளி திரும்பிக்கொண்டது. கம்பெனி முதலாளி லோடை இறக்கவே விடவில்லை. “என் கிளி இந்தப் பக்கம் பார்க்காது” என்று சொல்லிவிட்டார். எழுத்து இருந்தால் திரும்பியிருப்பது தெரிந்துவிடும், எழுத்தில்லாத ஃபிலிமுக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று எவனாலும் சொல்ல முடியாது என்று ஒவ்வொரு தடவையும் அந்தக் கதையை முடிப்பார். குல்சார் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் வெளியாகிவிடும். அன்றிலிருந்து மார்கழி வரைக்கும் அச்சகக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வீட்டு வேலையும் அந்தச் சமயத்தில்தான் தொடங்கியது. கொத்தனார் சோலைமலையை வீட்டுக்குக் கூப்பிட்டு ஜெய்லானி கண்டிப்பாகப் பேசினார். குல்சார் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தபடி அருகில் இருந்தாள். தான் இல்லாதபோது யார் என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது. படத்தில் இருப்பதில் ஒரு நூல் மாறக் கூடாது. கொஞ்சம் யோசித்து, தன்னைத் தனக்கு நன்றாகத் தெரியுமென்பதால், “நானே வந்து சொன்னாலும் மாத்தாதீக” என்றும் சேர்த்துக்கொண்டார்.

குல்சார் கொக்கியை இறுக்கி நூலைக் கடித்தாள். இன்ஜினியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குகிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

துஆ ஓதி முதல் கல் வைத்த அன்று ஜெய்லானி அரை மணி நேரம் மனையில் நின்றார். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட இன்னும் ஆரம்பிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த ஏழு வாரமும் தேதித்தாள்களுக்கு நடுவில் கழிந்தது. நல்ல நேரம், ராகுகாலம், பிறை, பண்டிகை. வீடு எந்த மட்டத்தில் இருக்கிறதென்று குல்சார் அவ்வப்போது சொன்னாள். நல்லா வருதுங்க என்றாள்.

எட்டாவது வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு லீவு சொல்லிவிட்டு மனைக்குப் போனார். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறியிருந்தது. ரோட்டில் நின்று பார்த்தபோதே ஏதோ உறுத்தியது. இன்னதென்று பிடிபடவில்லை. அளவெல்லாம் சரி. வாசல் சரி. ஆனால், தெரிந்த ஆள் நம்மைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நிற்பதுபோல இருந்தது வீடு.

வலது பக்கம் நடந்து பின்னால் போனார். தன் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் நின்றார். கருவேல மரங்களிலிருந்து காற்று வந்தது. காலடியில் கழிப்பறைப் பீங்கான் பதிக்க விட்டிருந்த பள்ளம் இருந்தது.

சோலைமலை சிமென்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். படத்தைக் கொண்டுவரச் சொன்னதும், துண்டில் சுற்றி வைத்திருந்த ஃபிலிமை மரியாதையோடு எடுத்து விரித்தார்.

“ஒரு நூல் மாறல பாய். நீங்களே டேப் பிடிச்சுப் பாருங்க.”

“இதை எந்தப் பக்கம் வச்சுப் பாத்தீக?”

சோலைமலை அதைப் புரட்டிப் பார்த்தார். மறுபடியும் புரட்டினார். “ரெண்டு பக்கமும் கோடு ஒரே மாதிரில்லா தெரியுது. குல்சார் அக்கா இன்ஜினியர் மேசையில எப்படி விரிச்சாகளோ அப்படித்தான். கையெழுத்தும் அப்படித்தான் ஆயிருக்கு.” கொஞ்சம் நிறுத்தி, தயக்கத்தோடு, “எதுவும் மாத்தணுமா பாய்? ஆனா நீங்களே வந்து சொன்னாலும் மாத்தக் கூடாதுன்னீக” என்றார்.

பக்கத்துச் சுவருக்கு மேலே ஜாபர் சாதிக்கின் தலை வந்தது. “சகல, உங்க ஜன்னலும் எங்க ஜன்னலும் நேருக்கு நேர் வருது பாத்தீகளா. இனி நமக்குப் போன் செலவு மிச்சம்.”

ஜெய்லானி பஸ் பிடிக்காமல் வீடு வரைக்கும் நடந்தே போனார். என்ன பேச வேண்டும் என்று வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் வந்தது. கடைசி வாக்கியம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் போய் முட்டியது.

குல்சார் மெஷினில் இருந்தாள். ஜாக்கெட் வாங்க வந்த கருப்பம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நாலு தெருச் செய்தியும் அவளிடமிருந்துதான் கிளம்பும். ஜெய்லானி நின்றுகொண்டே, வீடு இடம் வலமாக மாறிப்போயிருக்கிறது என்றார்.

மெஷின் நின்றது.

“கிப்லா பக்கம் மாறலையே?”

“மாறல.”

“கழிப்பறைப் பீங்கான்?”

தெற்கு பார்த்திருக்க வேண்டியது வடக்கு பார்க்கிறது. தொழும் திசையான மேற்கைப் பார்க்கவில்லை. அதிலும் குற்றமில்லை. ஜெய்லானி தலையை ஆட்டினார்.

“வாசல் நடுவுலதான இருக்கு?”

“நடுவுலதான்.”

“பிறகு எதுங்க மாறிருக்கு?”

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அடுக்களைக்குக் கண்மாய்க் காற்று வந்துவிட்டது. அதைக் குறை என்று சொல்ல முடியாது; கருப்பம்மாள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மிச்சமிருப்பது ஒன்றுதான்.

“ஸ்டோர் ரூமுக்குக் காத்து வராது” என்றார்.

“அரிசி மூட்டைக்கு வேர்க்கவா போகுது?”

கருப்பம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குல்சார் சிரிக்கவில்லை. மெஷினில் மாட்டியிருந்த துணியை மெதுவாக வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இல்ல, அந்த ரூம்ல யாரும் உக்காரப் போறாகளா? அப்படின்னா இப்பவே சொல்லுங்க. இடிச்சு மாத்தச் சொல்லிருவோம்.”

அவள் உண்மையாகவே கேட்டாள். அதுதான் சங்கடமாகப் போய்விட்டது. சொன்னால் இடிப்பாள். இடிக்கிறபோது ஏன் இடிக்கிறார்கள் என்று சோலைமலை கேட்பார், ஜாபர் சாதிக் கேட்பார், மல்லாங்கிணற்று மாமா பஸ் ஏறி வந்து கேட்பார். இத்தனை நாள் ஏன் ஸ்டோர் ரூம் என்றீக என்று இவள் கேட்பாள். எலியைப் பற்றியும் கேட்பாள்.

ஜெய்லானி மூலையில் கிடந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்தார். ஒரு கால் கட்டை. லேபிள் தாளை மடித்துக் கீழே வைத்துத்தான் இத்தனை வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அதன்மேல் யாரோ கிழிந்த லைனிங் துணிகளைக் குவித்திருந்தார்கள்.

“அங்கன யார் உக்காரப் போறா” என்றார்.

மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவர் எதிலும் வாய்கொடுக்கவில்லை. கதவுக்கு ஆசாரி வந்தபோது, ஸ்டோர் ரூமுக்குத் தாழ்ப்பாளை வெளியே போடும்படி குல்சார் சொன்னாள். உள்ளே ஆள் இருக்கப்போவதில்லை, ஆனால் கதவு திறந்து கிடந்தால் பூனை புகுந்துவிடும் என்றாள். ஆசாரி ஜெய்லானியைப் பார்த்தார். ஜெய்லானி நல்ல யோசனைதான் என்றார். புது வீட்டிலும் உள்பக்கத் தாழ்ப்பாளும் காற்றும் சேர்ந்தே இருந்த ஒரே அறை கழிப்பறை. அவருக்கு அதுவும் ஒருவகையில் பழக்கந்தான்.

தை பிறந்து காலண்டர் வேலை ஓய்ந்ததும் குடிபோனார்கள். ஹஜரத் ஓதினார். பிரியாணி போதுமானதாக இருந்தது. மல்லாங்கிணற்று மாமா ஜெய்லானியின் தோளைத் தட்டி, நல்லபடியாகச் சேர்ந்து இருக்கிறீர்கள், சந்தோஷம் என்றார். ஜாபர் சாதிக் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகப் போன் பேசினார்.

விருந்து கலைந்து, மூன்று மணி வாக்கில் ஜெய்லானி பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார இடம் தேடினார். கூடத்தில் பாய் விரித்துச் சொந்தக்காரப் பெண்கள் படுத்திருந்தார்கள். படுக்கையறையில் குழந்தைகள். அடுக்களையை எட்டிப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது. குல்சார் அதன் கீழே பலகையில் உட்கார்ந்து, கழுவிய சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கருவேலங்காட்டுக் காற்றில் அவள் தலைமுடி பறந்து முகத்தில் விழுந்தது. காலையிலிருந்து நூற்றிருபது பேருக்குப் பரிமாறியவள். ஆனால் கழுத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஜெய்லானி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலி எங்கே என்று கேட்டார்.

“நொண்டி நாற்காலியா? ஸ்டோர் ரூம்ல போட்டாச்சு” என்றாள் அவள், சட்டியைப் பார்த்தபடியே.

ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகள் இருந்தன. பிரியாணிச் சட்டி, துணி மூட்டை, விற்காமல் நின்ற காலண்டர்கள், யார் வீட்டுக்குச் சொந்தமென்று தெரியாத இரண்டு அண்டா. எல்லாவற்றையும் சுவரோரமாக அடுக்கி, நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். வழி முடிகிற இடத்தில், ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலி இருந்தது. மூன்றடிக்கு அப்பால் ஜாபர் சாதிக்கின் ஜன்னல். லோடு ஏறவில்லை.

ஜெய்லானி உட்கார்ந்தார். ஆடும் என்று ஒரு கையை மூட்டையில் ஊன்றிக்கொண்டார். ஆடவில்லை. குனிந்து பார்த்தார். கட்டைக் காலுக்கு அடியில் நாலாக மடித்த ஃபிலிம் துண்டு ஒன்று இருந்தது. அதில் மயிரிழை பிசகாமல் கருப்பு மையில் கோடுகள்.

கூடத்தைத் தாண்டிக் குல்சாரின் காலடிச் சத்தம் வந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் துடைத்த பாத்திரங்கள் தரையில் இறங்கி ஒன்றோடொன்று உரசின. கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. காலடிச் சத்தம் அடுக்களைக்குத் திரும்பிப் போனது.

தட்டலாமா என்று நினைத்தார். பேப்பரை விரித்து, தலையங்கப் பக்கத்துக்குத் திருப்பினார்.